மாப்ள, டயரைக் குனிஞ்சு பாரு

ஆல் வெதர் டயர் வேணுமாம் நம்ம மாப்பிள்ளைக்கு! டொரண்டோவுல கம்ப்யூட்டர் வேலை பாக்குற கூட்டாளி போன்ல சொன்னானாம். வருஷம் பூரா ஒரே டயர்ல ஓட்டலாம், சைடுல மூணு மலைச் சிகரமும் நடுவுல ஒரு பனிப்பூவும் அச்சடிச்சிருக்கும், அதைப் பாத்து வாங்குன்னு. நல்ல சிநேகிதன்தான். மூணு மலைன்னதும் நீ கல்வராயன், பச்சைமலை, சேர்வராயன்னு நெனச்சுட்ட போல. கள்ளக்குறிச்சியில ஒரு கடை விடாம ஏறி இறங்கி, "பனிப்பூ போட்டது இருக்கா"ன்னு கேட்டிருக்க. கடைக்காரன் சிரிக்காம பதில் சொன்னானே, அவனுக்குத்தான் மாலை போடணும்.

உன் கூட்டாளி பொய் சொல்லல மாப்ள. அவன் ஊருக்கு அவன் சொன்னது சரி. கனடாவுல கியூபெக்குன்னு ஒரு மாகாணம். அங்க டிசம்பர் 1-லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் பனிக்கால டயர் மாட்டாம கார் எடுத்தா சட்டப்படி குத்தம். டொரண்டோவுல அந்தச் சட்டம் இல்ல, ஆனா ரோட்டுல பனி கொட்டிக் கெடக்கும். குளிர் 7 டிகிரிக்குக் கீழ போனா சாதா டயர் ரப்பர் இறுகிடும், ரோட்டைப் பிடிக்காது. அதனால குளிர்லயும் இளகி நிக்கிற மாதிரி வேற கலவையில ரப்பர் செய்யுறாங்க. அந்தப் பனிப்பூ சும்மா போடுறதில்ல, பனியில ஓட்டிச் சோதிச்சுப் பாத்த பிறகுதான் போடணும். எம் பிளஸ் எஸ்னு இன்னொரு எழுத்து சில டயர்ல இருக்கும். அது சேத்துக்கும் பனிக்கும் ஆகும்னு கம்பெனிக்காரன் தானே சொல்லிக்கிறது.

இப்ப நம்ம ஊருக்கு வா. மார்கழி ராத்திரி கருமந்துறைப் பக்கம் படுத்தா ரெண்டு கம்பளி கேக்கும், ஒத்துக்கிறேன். அதுக்காக ரோடு உறைஞ்சா போச்சு? சித்திரையில கூவாகத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனியே, உளுந்தூர்பேட்டை ரோட்டுல செருப்பில்லாம கால் வெச்சுப் பாத்தியா? வெயில் 40 டிகிரின்னா தார் 60-ஐத் தொடும். குளிருக்குன்னு இளக்கமா செஞ்ச ரப்பரை அந்தத் தாருல ஓட்டினா சீக்கிரம் தேஞ்சு போகும், பிரேக் அடிச்சா நிக்கிற தூரமும் கூடும். கூடுதல் காசும் குடுத்து, பாதி வருஷத்துல டயரையும் தின்னுட்டு, பனிப்பூவைப் பாத்து உக்காந்திருக்க வேண்டியதுதான். நம்ம ஊருக்கு வருஷம் முழுக்கன்னா மூணே சங்கதி: சித்திரை வெயில், ஐப்பசி அடைமழை, வெள்ளிமலை வளைவு. இந்த மூணையும் தாங்குறது கடையில சாதாரணமா விக்கிற ரேடியல் டயருதான். பேரைக் கேட்டு வாங்காத, எழுத்தைப் படிச்சு வாங்கு.

படிக்கிறதுன்னதும் ஞாபகம் வருது. பொண்ணு பாத்தப்ப பத்துப் பொருத்தம் பாத்தீங்க. நட்சத்திரம் சரியில்லன்னு ரெண்டு ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினா எங்கக்கா. உசுரைச் சுமக்குற டயருக்கு மட்டும் ஒரு பொருத்தமும் பாக்க மாட்டீங்க. டயருக்கும் ஜாதகம் உண்டு மாப்ள, சைடுலயே எழுதி வெச்சிருக்கான். குனிஞ்சு பாரு. குனிய முடியலையா? தொப்பையை ஒரு கையால பிடிச்சுக்க. 175/65 ஆர்14 82டின்னு இருக்கா? 175-ங்கறது அகலம், மில்லிமீட்டர்ல. 65-ங்கறது உயரம், அகலத்துல நூத்துக்கு 65 பங்கு. ஆர்னா ரேடியல். 14 வந்து ரிம் அளவு, இஞ்சுல. 82-ங்கறது தாங்குற எடைக்கான குறி. அதுக்கு அட்டவணை இருக்கு, 82-ன்னா ஒரு டயருக்கு 475 கிலோ. அதுவும் காத்து சரியா இருந்தாத்தான். நீ மலையிலேர்ந்து இறங்கும்போது டிக்கியில ரெண்டு மூட்டை புளி, மடியில பலாப்பழம், பின்சீட்டுல உங்க சித்தப்பன் குடும்பம் அஞ்சு பேருன்னு அடைச்சுக்கிட்டு வர்றியே, அப்ப இந்த 82-ஐக் கொஞ்சம் நெனச்சுக்க. கடைசியில இருக்கிற டி-ன்னா 190 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம். கச்சிராயபாளையம் ரோட்டுல ஆடு குறுக்க வந்தா 40-லயே உனக்கு வேர்க்குது. அந்த டி போதும். அதுக்கு மேல எச்சுன்னு 210 கேட்டு நிக்காத.

பொறந்த தேதியும் இருக்கு. டாட்னு ஆரம்பிக்கிற வரிசையில கடைசி நாலு எண். 0724-ன்னா 2024-ஆம் வருஷம் ஏழாவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஒரு பக்கம் இல்லன்னா மறுபக்கத்துல இருக்கும், திருப்பிக் காட்டச் சொல்லு. தள்ளுபடின்னு ஒருத்தன் கூப்பிட்டா மொதல்ல இந்த நாலு எண்ணைப் பாரு. தள்ளுபடி விலைக்கா, வயசுக்கான்னு தெரிஞ்சுடும். ரப்பர் ஓடாம இருந்தாலும் கிழமாகும். அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் காட்டிப் பாக்கணும், பத்து வருஷம் ஆச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழட்டிடணும்னு டயர்க் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க. நீ வெயில்லயே நிறுத்துற ஆளு. உனக்குப் பத்து ரொம்ப அதிகம். சைடுல மயிரிழை மயிரிழையா வெடிப்பு ஓடுதான்னு பாத்துக்கிட்டே இரு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15633-ங்கிற எண்ணும் இருக்கான்னு பாரு. ஈர ரோட்டுல பிடிப்பு, உருளும்போது தடை, சத்தம், இந்த மூணுக்கும் 2022-லயே மத்திய அரசு விதி போட்டாச்சு. உனக்கு வேண்டியது அந்த ஈரப் பிடிப்புதான். கடைக்காரன் மைலேஜ் பத்திப் பேசுவான், நீ மழையைப் பத்திக் கேளு.

அப்புறம் இந்த அகலம். டயர் வெளிய துருத்திக்கிட்டு நிக்கணும், காட்டு டயர் போடணும்னு ஒரு ஆசை உனக்கு. விழுப்புரம் கோட்டத்துப் பஸ்ஸு அறுபது எழுபது பேரை ஏத்திக்கிட்டு வெள்ளிமலைக்கு ஏறுது, அதுக்கே காட்டு டயர் கெடையாது. பெரிய பெரிய பட்டன் வெச்ச டயரு சேத்துக்கு நல்லது, தார் ரோட்டுல சத்தம் போடும், டீசலைக் குடிக்கும், மழையில சாதா டயர் அளவுக்குப் பிடிக்காது. நீ மலைக்குப் போறது தார் ரோட்டுல. அங்க போயி சாமை வெதைக்கவா போற? கம்பெனிக்காரன் என்ன அளவு சொன்னானோ அதையே போடு. டிரைவர் கதவைத் தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். வாங்கின நாளா அதைப் படிக்காதவன் நீ ஒருத்தன் மட்டும் இல்ல, ஊரே அப்படித்தான்.

எந்தக் கம்பெனின்னு கேக்குறியா? பேரு தெரிஞ்ச கம்பெனி எதுவானாலும் சரி. நம்ம தமிழ்நாட்டுலயே எத்தனை டயர் ஆலை, பக்கத்துல பெரம்பலூர்ல கூட ஒண்ணு இருக்கு. அந்த எம்.ஆர்.எஃப். கதை தெரியுமா? 1946-ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில குழந்தைங்க ஊதுற பலூன் செய்ய ஆரம்பிச்சவரு கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. 1952-ல டயருக்கு மேல ஒட்டுற ரப்பர், 1961-ல டயர். அவரும் மாப்பிள்ளை, நீயும் மாப்பிள்ளை. அவரு பலூன்ல ஆரம்பிச்சு டயருக்கு வந்தாரு. நீ டயரை வாங்கி, காத்தில்லாத பலூனா ஓட்டிக்கிட்டிருக்க.

காத்துதான் மாப்ள விஷயமே. டயர் வாங்குறது ஒரு நாள் கூத்து, காத்துப் பாக்குறது வருஷம் முழுக்க. அந்தக் கதவுத்தூண் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவுதான் வேதம். சின்னக் காருக்கு 30, 33-ன்னு இருக்கும். ஆளும் லோடும் நெறைஞ்சா கொஞ்சம் கூட வெக்கச் சொல்லி அதுலயே இன்னொரு எண் இருக்கும். டயர் சைடுல மேக்ஸ்னு போட்டிருக்கிறது அதிகபட்சம், அதை நிரப்பச் சொல்லி எழுதல. காலையில, கார் எடுக்கிறதுக்கு முன்னால, டயர் ஆறிக் கெடக்கும்போது பாக்கணும். பங்க்குல பாக்கிறதா இருந்தா ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற பங்க்கா பாத்துக்க. அங்க காத்து இலவசம்தான், ஆனாலும் உனக்குக் கை வலிக்குது.

டீக்கடையில ஒரு பொறியாளர் கூட்டம் உக்காந்திருக்கே, "வெயில் காலம் மாப்ள, காத்தைக் குறைச்சு வெய், இல்லன்னா வெடிச்சிடும்"னு. நீயும் தலையாட்டிட்டு வந்துட்ட. வெயில்ல ஓடி வந்த டயரு மூணு நாலு பாயிண்ட் ஏறித்தான் காட்டும். அந்த ஏத்தத்தையும் கணக்குல வெச்சுத்தான் செஞ்சிருக்கான். அதைப் பாத்துட்டுப் பிடுங்கி விட்டா, மறுநாள் காலையில குறைஞ்சு நிக்கும். காத்து குறைஞ்ச டயரு ஒவ்வொரு சுத்துக்கும் சைடுல மடங்கி மடங்கி நிமிரும். மடங்க மடங்க உள்ளுக்குள்ள சூடு. கீழ தார் சூடு, உள்ள அந்தச் சூடு, மேல உங்க சித்தப்பன் குடும்பம். சேலம் நாலுவழிச் சாலையில 100-ல போகும்போது சைடு பிச்சுக்கிட்டுப் போகும். நான் ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்குக் குச்சிக்கிழங்கு லோடு அடிச்ச காலத்துல பாத்த வெடிப்பெல்லாம் காத்து கம்மியும் லோடு அதிகமும் கூட்டு சேந்த வெடிப்புதான். வெயில் பாவம், பேரு மட்டும் அதுக்கு.

நைட்ரஜன் அடிச்சேன்னு பெருமையா சொன்ன. நல்லது, தப்பில்ல. நாம மூச்சு விடுற காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மிச்சத்துக்குத்தான் நீ காசு குடுத்திருக்க. ஈரம் இருக்காது, கொஞ்சம் மெதுவா இறங்கும், அவ்வளவுதான். அதை அடிச்சதுக்கு அப்புறம் ஆறு மாசம் டயர் பக்கமே போகாம இருந்தியே, அதைத்தான் தாங்க முடியல. ஓட்டையே இல்லாத டயருலயும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பாயிண்ட் தானா இறங்கும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை பாரு. ஒரே டயர் மட்டும் திரும்பத் திரும்ப இறங்குதா? வால்வு மூடியைக் கழட்டு, விரல்ல எச்சி தொட்டு வால்வு வாயில வெய், கொஞ்ச நேரம் பாரு. குமிழி ஊதுச்சுன்னா வால்வுதான் கள்ளன். இந்தக் கருவிக்கு பேட்டரியும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். பாத்ததும் மூடியைத் திருப்பிப் போடு. நாலு சக்கரத்துல ரெண்டுக்கு மூடியே காணோம், மண்ணு போயி அடைச்சுக்கிட்டிருக்கு.

அடுத்தது தேய்மானம். உள்ளங்கையை டயர் மேல வெச்சு உள்பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா ஒரு தடவை, வெளிப்பக்கத்துலேர்ந்து உள்பக்கமா ஒரு தடவை தடவிப் பாரு. ஒரு தடவை வழுவழுன்னு போயி மறு தடவை ரம்பமாட்டம் கையில பிராண்டினா அலைன்மென்ட் போச்சு. நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நிக்குதுன்னா காத்து கம்மி. ஒரே ஓரம் தேஞ்சா சக்கரம் சாஞ்சு ஓடுது. அங்கங்க குழி விழுந்தா பேலன்சிங், இல்லன்னா ஷாக் அப்சார்பர். இப்ப காடி நடுவுல பாரு, குறுக்க சின்னதா ஒரு மேடு தெரியுதா? சைடுல முக்கோணக் குறி இருக்கிற இடத்துக்கு நேரா இருக்கும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா 1.6 எம்.எம்.னு அர்த்தம். அதுக்குக் கீழ போனா காருக்குச் சட்டப்படியே ஆகாது. மோட்டார் வண்டி விதியில எழுதியிருக்கு. புது டயர்ல ஏழு எட்டு எம்.எம். இருக்கும். ஆனா சட்டம் சொல்ற வரைக்கும் காத்திருக்காத. ஐப்பசிக்கு முன்னால 3 எம்.எம்.முக்கு வந்துட்டா மாத்திடு. காடிங்கறது தண்ணி வெளிய ஓடுறதுக்கு வெட்டின வாய்க்கா. அது ஆழம் கொறைஞ்சா தண்ணி போக வழியில்லாம டயருக்கு அடியிலயே நிக்கும், கார் தண்ணி மேல மெதக்கும், ஸ்டியரிங் உன் கையில இருக்கும், பேச்சு மட்டும் கேக்காது. தெருநாய் கூட தினம் வந்து நின்னு உன் டயரைப் பாத்துட்டுத்தான் காலைத் தூக்குது. உனக்கு அந்த அக்கறை கூட இல்ல.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா முன்னாடி பின்னாடி மாத்திப் போடு. உன் கார்ல முன்சக்கரம்தான் இழுக்குது, முன்சக்கரம்தான் திரும்புது, பிரேக்குலயும் பெரும்பாடு அதுக்குத்தான். அது மட்டும் தேஞ்சுக்கிட்டே வரும். சைடுல அம்புக்குறி போட்ட டயரா இருந்தா அந்தத் திசை மாறாம போடச் சொல்லு. நாலு வாங்கக் காசு இல்லன்னா ரெண்டு வாங்கு, வாங்கின ரெண்டையும் பின்னாடி போடு. "என்னா மாமா, இழுக்கிறது முன்னாடிதானே"ங்கற. முன்னாடி வழுக்கினா ஆக்சிலேட்டரை விட்டா திரும்பப் பிடிச்சுக்கும். மழையில கரியாலூர் வளைவுல பின்னாடி வழுக்கினா கார் பம்பரமா சுத்தும். அதை நிறுத்துற டிரைவரு சினிமாவுலதான் இருக்கான்.

பஞ்சர் விஷயத்துல மட்டும் நீ ரொம்ப சுறுசுறுப்பு. ஆணி குத்தினதும் அங்கயே புடுங்கிட்ட. டியூப்லெஸ்ல ஆணி உள்ள இருக்கிற வரைக்கும் காத்து மெதுவாத்தான் போகும், அப்படியே மெதுவா ஓட்டி பஞ்சர் கடைக்குப் போயிருக்கலாம். நடு டயர்ல குத்தினதுக்குப் பஞ்சர் போடலாம். சைடு கிழிஞ்சா பஞ்சர் போடுறேன்னு எவன் சொன்னாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடு. ஸ்டெப்னியையும் மறந்துடாத. அதுலயும் காத்து இருக்கணும். டயர்ல காத்தைச் சொல்ற மீட்டரும், பஞ்சர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னியே வேண்டாம்னு 2020-ல விதி மாத்தினாங்க. டவுனுக்கு சரி. மலையில செல்போன் கோபுரமே கண்ணுல படாத எடத்துல சைடு கிழிஞ்சா, அந்தக் கிட்டை வெச்சுப் பல்லு குத்திக்க வேண்டியதுதான். அப்புறம் அந்த டீசல் துணியால டயரைத் தொடைக்கிறத விட்டுடு. பளபளன்னு இருக்கும், ரப்பர் ஊறிக் கெட்டுப் போகும். தண்ணி போதும்.

இவ்வளவும் செஞ்சாலும், ஓட்டுறவன் சரியில்லன்னா டயர் என்ன செய்யும்? கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற மேதை, அடிவாரத்துல பிரேக் கருகுற வாசனையை மோந்துக்கிட்டு நிப்பான். குறுகல்ல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல்ல வழி. அவனுக்குக் கோயில் பிரசாதம் குடுக்கிறதா நெனச்சு நில்லு. மொத மழை பெஞ்ச அரை மணி நேரம் ரோட்டுல இருக்கிற எண்ணெயும் தூசியும் குழைஞ்சு கெடக்கும், அப்ப மெதுவாப் போ. அறுவடைக் காலத்துல சின்னசேலம் பக்கம் ரோட்டுலயே மக்காச்சோளம் காயப் போட்டிருப்பான். அது மேல பிரேக் அடிச்சா பனிப்பூ டயரும் நிக்காது, பத்தாயிரம் ரூபா டயரும் நிக்காது.

தண்ணியும் அப்படித்தான். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரை ஏறினதும் என்ன ஆச்சு? தென்பெண்ணை பொங்கி, அரசூர்கிட்ட சென்னை - திருச்சி ரோடே நின்னு போச்சு. அப்பவும் தரைப்பாலத்து ஓரம் நாலு பேர் காரை நிறுத்தி, "போயிடலாமா"ன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. ஒரு அடித் தண்ணி ஓடினா சின்னக் காரைத் தூக்க ஆரம்பிச்சிடும், ரெண்டு அடின்னா பெரிய காரையும் இழுத்துக்கிட்டுப் போகும். சக்கரம் தரையில இல்லாதப்ப டயர் என்ன கம்பெனின்னு ஆத்துக்குத் தெரியாது. திரும்பி வந்துடு. சாப்பாடு ஆறினாலும் உங்க அத்தை சுட வெச்சுக் குடுப்பா.

ஆக, பனிப்பூவை டொரண்டோவுக்கே விட்டுடு. பழைய அளவுலயே, புதுத் தேதி போட்டதா நாலு வாங்கு. கடையிலயே அலைன்மென்ட், பேலன்சிங் பாத்துடு. வண்டி கெளம்பும்போது எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கணும்னு எங்கக்கா நிப்பா, நசுக்கிக்க, குத்தம் இல்ல. பழத்தை வெக்கிறதுக்குக் குனியுற இல்ல, குனிஞ்சது குனிஞ்சபடியே வால்வு மூடி இருக்கா, காடியில கல்லு கில்லு மாட்டியிருக்கான்னும் பாத்துட்டு நிமிரு.

நாளன்னைக்கு என்னையும் உங்க அத்தையையும் வெள்ளிமலைக்குக் கூட்டிட்டுப் போறதா வாக்கு குடுத்திருக்க. வர்றோம். முன்சீட்டு எனக்கு. காலையில ஏறுறதுக்கு முன்னால நாலு வால்வுலயும் நானே எச்சி தொட்டுப் பாப்பேன், அசிங்கம்னு மூஞ்சி சுளிக்கக் கூடாது. ஒரு குமிழி வந்தாலும் நாங்க பஸ்ஸுக்குப் போயிடுவோம், டிக்கெட் காசு நீதான் குடுக்கணும். பயப்படாத, செலவு கம்மிதான். கச்சிராயபாளையம் வரைக்கும் டவுன் பஸ்ல உங்க அத்தைக்கு டிக்கெட் கெடையாது.